விற்பனை, உரிமை, இழப்பு: சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படைச் சொற்கள் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வணிகர்கள் நாள்தோறும் கையாளும் விற்பனை, உரிமை, நிபந்தனை, உத்தரவாதம் முதலிய சொற்களுக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வரையறுத்த பொருளைத் தருகிறது. பேச்சு வழக்கில் ஒரே சொல்லால் சுட்டப்படும் இரண்டு மூன்று கருத்துகளைச் சட்டம் தனித்தனியே நிறுத்துகிறது. அவ்வேறுபாட்டைப் பொறுத்தே இழப்பு யாரைச் சேரும், விலையைக் கேட்க இயலுமா, சரக்கைத் திருப்ப இயலுமா என்பவை முடிவாகின்றன. இக்கட்டுரை அச்சொற்களை மஞ்சள் வணிகத்திலிருந்து எடுத்த ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்கி, அவற்றுக்கு ஈடாகத் தமிழில் வழங்கும் சொற்களில் காணும் மயக்கங்களைச் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: சரக்கு விற்பனைச் சட்டம், சொத்துரிமை, இழப்புப் பொறுப்பு, அடிப்படை நிபந்தனை, துணை உறுதி, விலை பெறாத விற்பனையாளர், பற்றுரிமை.

முன்னுரை

இந்தியாவில் அசையும் பொருள்களின் விற்பனை தொடர்பான விதிகள் முதலில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தில், 76 முதல் 123 வரையிலான பிரிவுகளாக அமைந்திருந்தன. வணிகம் பெருகியபோது அவ்விதிகள் போதாமையால் அவை நீக்கப்பட்டுத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதுவே 1930 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு விற்பனைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது இது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்க, இப்பழைய சட்டத்தின் சொற்களை அறிவதன் தேவை என்ன என்ற வினா எழலாம். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்திற்காகவோ பொருள் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நுகர்வோர்’ என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆகவே ஒரு வணிகர் மற்றொரு வணிகரிடம் வாங்கிய சரக்கில் குறை நேர்ந்தால், அவர் முதன்மையாக நாட வேண்டியவை அவர்களின் ஒப்பந்தமும் 1930ஆம் ஆண்டுச் சட்டமுமே ஆகும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஈரோட்டில் ஒரு மண்டி உரிமையாளரின் கிடங்கில் 500 மூட்டை விரலி மஞ்சள் உள்ளது. மதுரை வணிகர் ஒருவர் மாதிரி பார்த்து, 100 மூட்டைக்கு விலை பேசி, முழுத் தொகையையும் செலுத்திவிடுகிறார். மறுநாள் சரக்கை அனுப்புவதாகப் பேச்சு. அன்றிரவு கிடங்கு தீப்பற்றி எரிகிறது. எரிந்த சரக்கு யாருடையது? பணம் கொடுத்தவருடையது என்று ஒரு சாராரும், சரக்கை வைத்திருந்தவருடையது என்று மற்றொரு சாராரும் கூறக்கூடும். சட்டம் இவ்விரண்டையுமே விடைக்கு அடிப்படையாகக் கொள்வதில்லை.

1. விற்பனையும் விற்பதற்கான உடன்பாடும்

சட்டத்தின் 4ஆம் பிரிவு ‘விற்பனை ஒப்பந்தம்’ என்னும் பொதுப்பெயரின் கீழ் இரண்டு வகைகளைக் காட்டுகிறது. சரக்கின் மீதான சொத்துரிமை ஒப்பந்தத்தாலேயே வாங்குபவருக்கு மாறுமாயின் அது ‘விற்பனை’. அவ்வுரிமை பின்னொரு காலத்தில் அல்லது ஒரு நிபந்தனை நிறைவேறிய பின் மாறவேண்டியதாயின் அது ‘விற்பதற்கான உடன்பாடு’. காலம் கடந்ததும் அல்லது நிபந்தனை நிறைவேறியதும் உடன்பாடு விற்பனையாகிறது.

இவ்வேறுபாட்டின் பயன் தீர்வுகளில் வெளிப்படுகிறது. சொத்துரிமை மாறிவிட்டது, வாங்குபவர் பணம் தரவில்லை என்றால், விற்பவர் 55ஆம் பிரிவின்படி விலையையே கோரி வழக்கிடலாம். உரிமை மாறாத நிலையில் வாங்குபவர் சரக்கை ஏற்க மறுத்தால், பொதுவாக 56ஆம் பிரிவின்படி இழப்பீடு மட்டுமே கோரலாம். ஒரு குறித்த நாளில் விலை செலுத்தப்பட வேண்டும் எனத் தெளிவாகப் பேசியிருப்பது இதற்கு விலக்கு. முழு விலைக்கும் இழப்பீட்டுக்கும் உள்ள தொகை வேறுபாடு பெரிது. சந்தையில் அதே விலைக்கு வேறொருவரிடம் விற்க முடியுமாயின் இழப்பீடு மிகச் சிறிய தொகையாகவே அமையும்.

‘விற்பனை’ என்னும் சொல்லின் எல்லை வணிகர்களிடையே மட்டுமன்றி அரசின் வரி அதிகாரத்திலும் வினாவாக எழுந்தது. கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் பயன்படுத்தும் கட்டுமானப் பொருள்களை ‘விற்கப்பட்டவை’ எனக் கொண்டு விற்பனை வரி விதிக்க இயலுமா என்பதே சென்னை மாநில அரசுக்கும் கேனன் டங்கர்லி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கின் மையம். உச்ச நீதிமன்றம் 1958இல் வழங்கிய தீர்ப்பில், அரசியல் சட்ட ஏற்பாட்டில் உள்ள ‘சரக்கு விற்பனை’ என்னும் தொடருக்கு சரக்கு விற்பனைச் சட்டம் தரும் பொருளே பொருந்தும் என்றது. பிரிக்க இயலாத ஒரு கட்டட ஒப்பந்தத்தில் செங்கல்லும் சிமெண்டும் சரக்கு என்ற நிலையில் கைமாறுவதில்லை. அவை நிலத்தோடு ஒன்றிக் கட்டடமாகின்றன. ஆகவே அங்கே விற்பனை இல்லை என்பது முடிவு. இந்நிலையை மாற்ற 1982ஆம் ஆண்டின் 46ஆம் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஒரு கலைச்சொல்லின் வரையறை அரசியல் சட்டத் திருத்தம் வரை இட்டுச் சென்றமைக்கு இது தக்க சான்று.

2. சொத்துரிமை, கைவசம், இழப்புப் பொறுப்பு

சரக்கு தொடர்பாகச் சட்டம் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புகிறது. சரக்கின் உரிமையாளர் யார்? அது யார் கையில் உள்ளது? அது அழிந்தால் இழப்பு யாருக்கு? முதலாவது சொத்துரிமை, இரண்டாவது கைவசம், மூன்றாவது இழப்புப் பொறுப்பு.

தமிழில் இம்மூன்றும் எளிதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ‘உடைமை’ என்னும் சொல் சட்டத் தமிழில் கைவசத்தைக் குறிக்க வழங்குகிறது. ஆனால் ‘நாட்டுடைமை’, ‘பொதுவுடைமை’ என்னும் தொடர்களில் அதே சொல் உரிமையாண்மையைக் குறிக்கிறது. ‘உரிமை’ என்பதோ எல்லா வகை உரிமைகளுக்கும் பொதுச்சொல். ஆதலின் விற்பனைச் சட்டத்தை விளக்குமிடத்துச் ‘சொத்துரிமை’, ‘கைவசம்’ என்று பிரித்து வழங்குவது மயக்கத்தைத் தவிர்க்கும்.

26ஆம் பிரிவின்படி, வேறு வகையாகப் பேசிக்கொள்ளாதவிடத்து, இழப்புப் பொறுப்பு சொத்துரிமையைப் பின்தொடர்கிறது. சரக்கு யார் கைவசம் உள்ளது என்பதோ, விலை செலுத்தப்பட்டதா என்பதோ இதனைத் தீர்மானிப்பதில்லை. ஒரு தரப்பின் தவற்றால் ஒப்படைப்பு தாமதமானால், அத்தவறு இல்லாதிருந்தால் நேர்ந்திராத இழப்பை அத்தரப்பே ஏற்க வேண்டும் என்பது இவ்விதிக்கு விலக்கு. எனவே மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதலில் கேட்க வேண்டிய வினா, தீப்பற்றிய நேரத்தில் சொத்துரிமை யாரிடம் இருந்தது என்பதே.

அதற்கு 18 முதல் 25 வரையிலான பிரிவுகள் விடை தருகின்றன. இன்ன சரக்கு என்று அடையாளம் உறுதிப்படும் வரை சொத்துரிமை மாறாது என்பது 18ஆம் பிரிவு. 500 மூட்டைகளில் எந்த 100 மதுரை வணிகருக்குரியவை என்று பிரித்து வைக்கப்படவில்லை. எனவே அவர் முழு விலையையும் செலுத்தியிருந்தாலும் ஒரு மூட்டைகூட அவருடையதாகவில்லை. எரிந்த இழப்பு மண்டி உரிமையாளரைச் சேரும்.

இதே விதி வாங்குபவருக்கு எதிராகவும் திரும்பும். கிடங்கு எரியாமல் மண்டி உரிமையாளர் நொடித்துப்போயிருந்தால், மதுரை வணிகர் ‘என் 100 மூட்டைகளைத் தாருங்கள்’ என்று சரக்கின் மீது உரிமை கொண்டாட இயலாது. கடன்காரர்களுள் ஒருவராகவே அவர் நிற்க நேரும். இங்கிலாந்து 1995இல் தன் சட்டத்தைத் திருத்தி, அடையாளம் காட்டப்பட்ட மொத்தச் சரக்கில் ஒரு பகுதிக்கு விலை செலுத்தியவரை அம்மொத்தத்தின் பங்குரிமையாளராக்கியது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை.

நிகழ்வைச் சற்றே மாற்றினால் முடிவு தலைகீழாகிறது. மதுரை வணிகர் தாமே 100 மூட்டைகளைத் தேர்ந்து, குறியிட்டு, விலை பேசி முடித்து, ‘நாளை லாரி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணம் பிறகு தருகிறேன்’ என்று சென்றதாகக் கொள்ளலாம். இப்போது அவை குறித்த சரக்கு. ஒப்படைக்கத் தக்க நிலையில் உள்ளவை. மாறான எண்ணம் வெளிப்படாதவிடத்து, 20ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் முடிந்த நொடியிலேயே சொத்துரிமை மாறிவிடுகிறது. விலை செலுத்துவதோ ஒப்படைப்போ தள்ளிவைக்கப்பட்டது பொருட்டன்று. அன்றிரவு எரிந்த மூட்டைகள் மதுரை வணிகருடையவை. அவற்றுக்குரிய விலையையும் அவர் தரவேண்டும்.

மூன்றாவதாக, விலையைக் கணக்கிட விற்பவர் அம்மூட்டைகளை எடைபோட வேண்டியிருந்தால் 22ஆம் பிரிவு பொருந்தும். எடைபோட்டு, அது வாங்குபவருக்குத் தெரிவிக்கப்படும் வரை சொத்துரிமை மாறாது. தராசில் ஏற்றாத சரக்கு விற்றவருடையதாகவே நிற்கிறது. நான்காவதாக, பிரிக்கப்படாத மொத்தத்திலிருந்து 100 மூட்டைகளைப் பிரித்து, வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லாரி நிறுவனத்திடம் எவ்வித உரிமையையும் நிறுத்திக்கொள்ளாமல் ஒப்படைத்தால், 23ஆம் பிரிவின்படி அதுவே ஒதுக்கீடாகும். அப்போதே சொத்துரிமையும் இழப்புப் பொறுப்பும் வாங்குபவரைச் சேர்கின்றன. மதுரை செல்லும் வழியில் மழையில் நனைந்த மஞ்சளின் இழப்பு, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, மதுரை வணிகருக்கே. போக்குவரத்துக் காப்பீட்டை யார் எடுப்பது என்பதை முன்னரே பேசி எழுதிக்கொள்வதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இந்நான்கு நிலைகளிலும் சரக்கு, கிடங்கு, வணிகர்கள் ஆகியவை மாறவில்லை. பிரித்தல், குறித்தல், எடைபோடுதல், லாரியில் ஏற்றுதல் என்னும் செயல்களே சட்ட விளைவை மாற்றின. அச்சாரமோ முழுப்பணமோ தருவது ஒப்பந்தத்திற்குச் சான்றாகலாம். அதுமட்டுமே உரிமையை மாற்றிவிடாது. எனினும் இவையெல்லாம் இரு தரப்பாரின் எண்ணம் வெளிப்படாதபோது சட்டம் இட்டு நிரப்பும் விதிகளே. ‘இன்ன நேரத்தில் உரிமை மாறும்’ என ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அடையாளம் உறுதிப்பட்ட சரக்கைப் பொறுத்தவரை, 19ஆம் பிரிவின்படி அவ்வெழுத்தே மேலோங்கும்.

3. அடிப்படை நிபந்தனையும் துணை உறுதியும்

ஒப்பந்தத்தில் உள்ள எல்லா வாசகங்களையும் ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்று வழங்குவது இன்று பெருவழக்கு. ஆனால் 12ஆம் பிரிவு ‘நிபந்தனை’ என்பதைக் குறுகிய பொருளில் ஆள்கிறது. ஒப்பந்தத்தின் தலையாய நோக்கத்திற்கு இன்றியமையாதது அடிப்படை நிபந்தனை. அது மீறப்பட்டால் ஒப்பந்தத்தை முறிந்ததாகக் கொண்டு சரக்கை மறுக்கலாம். அந்நோக்கத்திற்குத் துணையாக நிற்பது துணை உறுதி. அது மீறப்பட்டால் இழப்பீடு கோரலாமேயன்றிச் சரக்கை மறுக்க இயலாது.

இரண்டாவதற்கு ‘உத்தரவாதம்’ என்னும் சொல் தமிழில் வழங்குகிறது. அதே சொல் கடனுக்குப் பிணை நிற்பதையும், மின்விசிறியோ கைப்பேசியோ வாங்கும்போது தரப்படும் பழுதுநீக்க வாக்குறுதியையும் குறிக்கிறது. பிணை நிற்பது மூன்றாமவர் ஒருவரின் பொறுப்பு. அது ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவைச் சேர்ந்தது. பழுதுநீக்க வாக்குறுதியோ தனியான ஒரு கடப்பாடு. ஒரே சொல் மூன்று பொருளில் நிற்பதால், ‘உத்தரவாதம் உண்டு’ என்னும் வாசகம் எதைத் தருகிறது என்பது தெளிவற்றுப் போகிறது. சட்டமும் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் துணை உறுதி எனப் பெயரிடப்பட்ட ஒன்று, பொருளமைப்பால் அடிப்படை நிபந்தனையாக இருக்கலாம் என்று 12ஆம் பிரிவே கூறுகிறது.

வெளிப்படையாகப் பேசாவிடினும் சில அடிப்படை நிபந்தனைகளைச் சட்டம் ஒப்பந்தத்துள் சேர்த்துவிடுகிறது. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. இதன் கடுமையை ரௌலண்ட் எதிர் டிவால் என்னும் 1923ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு காட்டுகிறது. ஒருவர் வாங்கிய மோட்டார் கார் திருடப்பட்டது என்பது சில மாதங்களுக்குப் பின் தெரியவந்து, அது பறிமுதலாயிற்று. கார் அதுவரை பயன்படுத்தப்பட்டிருந்தும், அவர் கொடுத்த விலை முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவர் பணம் கொடுத்தது காரின் உரிமைக்காக. அது அவருக்குக் கிடைக்கவே இல்லை என்பது காரணம்.

விவரிப்பின்படி விற்ற சரக்கு விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. மாதிரியின்படி விற்ற சரக்கு மாதிரிக்குப் பொருந்த வேண்டும் என்பது 17ஆம் பிரிவு. மாதிரியும் விவரிப்பும் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். ‘விரலி மஞ்சள்’ என்று பேசிக் கிழங்கு மஞ்சளை அனுப்பினால், அது மாதிரியை ஒத்த தரமுடையது என்று வாதிடுவது பயன்தராது. மேலும், மாதிரியை நியாயமான முறையில் ஆராய்ந்தாலும் புலப்படாத, சரக்கை வணிகத் தகுதியற்றதாக்கும் குறை இருத்தலாகாது. மஞ்சளில் நிறத்திற்காக ஈயக் குரோமேட்டு கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத குறை. மாதிரியிலும் அதே கலப்படம் இருந்தது என்பது விற்பவருக்குத் தற்காப்பாகாது.

16ஆம் பிரிவு ‘வாங்குபவரே விழிப்பாயிருக்க’ என்னும் பழைய நெறியைப் பொது விதியாக வைத்து, அதற்கு விலக்குகளைத் தருகிறது. வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து விற்பவரின் திறனை நம்பி வாங்கினால், சரக்கு அத்தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அவ்வகைச் சரக்கில் வணிகம் செய்பவரிடம் விவரிப்பின்படி வாங்கினால், அது வணிகத் தகுதியுடையதாக இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் சரக்கைப் பார்த்து ஆராய்ந்திருந்தால், அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பட்டியலின் அடியில் அச்சிடுவதால் இவையெல்லாம் நீங்கிவிடுமா? 62ஆம் பிரிவின்படி, வெளிப்படையான உடன்பாட்டாலோ இரு தரப்பாரின் தொடர்ந்த நடைமுறையாலோ அவர்களைக் கட்டுப்படுத்தும் வணிக வழக்கத்தாலோ இவ்விதிகளை விலக்கலாம். ஒப்பந்தம் முடிந்த பின் கையில் தரப்படும் தாளில் உள்ள வரி அத்தகைய உடன்பாடாகுமா என்பது வாதத்திற்குரியது.

4. ஒப்படைப்பும் ஏற்பும்

அடிப்படை நிபந்தனை மீறப்பட்டாலும் சரக்கை மறுக்கும் உரிமை நிலையானதன்று. பிரிக்க இயலாத ஒப்பந்தத்தில் வாங்குபவர் சரக்கை ‘ஏற்றுக்கொண்ட’ பின், 13ஆம் பிரிவின்படி, அம்மீறல் துணை உறுதியின் மீறலாகவே கருதப்படும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து இழப்பீடு மட்டுமே எஞ்சும். இங்கே ‘ஏற்பு’ என்பது ஒப்பந்தம் உருவாகும்போது முன்மொழிவை ஏற்பதன்று. வந்த சரக்கைத் தம்முடையதாக ஒப்புக்கொள்வதாகும். அது வெறும் பெறுதலினின்றும் வேறுபட்டது. லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கி வைத்தது பெறுதல். ஆராய நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அது ஏற்பாகாது என்பது 41ஆம் பிரிவு.

ஏற்றதாகத் தெரிவித்தல், உரிமையாளர் போல் அச்சரக்கைக் கையாளுதல், மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலம் கடக்கும் வரை வைத்திருத்தல் ஆகிய மூன்றும் ஏற்பாகும் என்று 42ஆம் பிரிவு வகுக்கிறது. மஞ்சளில் குறை கண்ட பின்னும் ‘பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் கிடங்கில் வைத்திருப்பவர், தம் மௌனத்தாலேயே மறுக்கும் உரிமையை இழக்கிறார். முறையாக மறுப்பவர் சரக்கைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க வேண்டியதில்லை. மறுப்பதாகத் தெரிவித்தாலே போதும் என்பது 43ஆம் பிரிவு. ஆகவே குறை கண்டவுடன் எழுத்தில் தெரிவிப்பதே வாங்குபவரின் முதற்கடமை.

5. விலை பெறாத விற்பனையாளர்

முழு விலையும் கிடைக்காதவர் ‘விலை பெறாத விற்பனையாளர்’ என்கிறது 45ஆம் பிரிவு. பத்தில் ஒன்பது பங்கு பெற்றவரும் இவ்வரையறையுள் அடங்குவார். காசோலை பெற்று, அது வங்கியில் மறுக்கப்பட்டவரும் அவ்வாறே. சொத்துரிமை வாங்குபவருக்கு மாறிவிட்ட பின்னும் இவருக்குச் சரக்கின் மீது மூன்று உரிமைகள் எஞ்சுகின்றன.

முதலாவது பற்றுரிமை: சரக்கு இன்னும் தம் கைவசம் இருந்தால், விலை கிடைக்கும் வரை அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கடனுக்கு விற்றிருந்தால் கடன் தவணை முடிந்த பின்னரே இவ்வுரிமை எழும். வாங்குபவர் நொடித்துவிட்டால் உடனே எழும். உரிமையை நிறுத்திக்கொள்ளாமல் லாரியில் ஏற்றிவிட்டால் இது போய்விடும். இரண்டாவது, வழியில் நிறுத்தும் உரிமை: வாங்குபவர் நொடித்த நிலையில், சரக்கு அவரை அடையுமுன் போக்குவரத்து நிறுவனத்துக்கு அறிவித்து நிறுத்தலாம். நொடித்தல் என்பதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. வணிக முறைப்படி கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவிட்டாலே போதும். மூன்றாவது மறுவிற்பனை: அழுகும் பொருளாயின் உடனேயும், ஏனையவற்றில் அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் காத்திருந்த பின்னும் வேறொருவருக்கு விற்கலாம். அறிவிப்புக் கொடாமல் விற்றால், குறைந்த விலையால் வந்த இழப்பைக் கோர இயலாது. மிகுந்த விலையால் வந்த ஆதாயமும் முதல் வாங்குபவருக்கே உரியதாகும் என 54ஆம் பிரிவு கூறுகிறது.

சொத்துரிமையையும் கைவசத்தையும் சட்டம் ஏன் பிரித்து வைத்தது என்பது இங்கே முழுமையாக விளங்குகிறது. உரிமை கைமாறிய பின்னும் கைவசம் விற்பவருக்குக் காப்பாக நிற்கிறது. கைவசத்தை விட்டவர் அக்காப்பையும் விடுகிறார்.

முடிவுரை

சரக்கு விற்பனைச் சட்டத்தின் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தீர்வுக்குத் திறவுகோலாக அமைந்துள்ளன. சொத்துரிமை என்னும் சொல் இழப்பு யாருக்கு என்பதையும், அடிப்படை நிபந்தனை என்பது சரக்கைத் திருப்பலாமா என்பதையும், ஏற்பு என்பது அவ்வுரிமை எப்போது அற்றுப்போகும் என்பதையும், பற்றுரிமை என்பது விலை வராதபோது எஞ்சும் காப்பையும் சுட்டுகின்றன. தமிழில் ஒப்பந்தம் எழுதுவோர் உரிமை, உடைமை, நிபந்தனை, உத்தரவாதம் ஆகிய பொதுச் சொற்களோடு நில்லாமல், உரிமை எந்நேரத்தில் மாறும், வழியில் நேரும் இழப்பு யாருக்கு, எக்குறை கண்டால் சரக்கைத் திருப்பலாம், எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவற்றைத் தனித்தனி வாசகங்களாக எழுதுதல் வேண்டும். எழுதாது விட்ட இடங்களைச் சட்டம் தன் விதிகளால் நிரப்பும். கிடங்கு எரிந்த பின்னரே அவ்விதிகளை அறிய நேர்வது வணிகருக்குப் பேரிழப்பாகும்.